தூங்கினா நிக்கணும்!

போன செமஸ்டர் மினி பிராஜெக்டுக்கு நான் எடுத்த தலைப்பைச் சொன்னா சிரிப்பீங்க. போன்ல படம் பார்த்துக்கிட்டே தூங்கிட்டா, படம் தானா நிக்கணும். அவ்வளவுதான் :-)

காரணம் அம்மா. அப்பா போனதுக்கப்புறம் அவங்களுக்கு ராத்திரி சரியா தூக்கம் வர்றதில்லை. பழைய ஜெமினி கணேசன் படம் ஏதாவது போட்டுட்டுப் படுப்பாங்க. கொஞ்ச நேரத்துல குறட்டை. படம் முடிஞ்சா அடுத்தது தானா ஆரம்பிச்சு விடிய விடிய ஓடும். நள்ளிரவு 12 மணிக்குப் புதுசா வர்ற ஒன்றரை ஜிபியும் காலையில காலி. அந்த போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் நான் படிக்கணும்!

ஐடியா என் சொந்தம்னு பீலா விட மாட்டேன். 2014-ல இங்கிலாந்துல விர்ஜின் மீடியா 'கிப்ஸ்டர்'னு ஒரு கைப்பட்டையைக் காட்டுச்சு. மான்செஸ்டர்ல படிச்ச ரெண்டு பசங்க உருவாக்கினது, 3டி பிரிண்டர்ல அடிச்சது. நாடித்துடிப்பைப் பார்த்து, ஆள் தூங்கிட்டான்னு தெரிஞ்சா நிகழ்ச்சியை நிறுத்தும். 2015 டிசம்பர்ல நெட்ஃபிளிக்ஸ் ஒரு சாக்ஸ் கொண்டு வந்துச்சு. கடையில விக்கல, நீங்களே பின்னி நீங்களே சால்டர் பண்ணிக்கங்கன்னு செய்முறையை மட்டும் கொடுத்தாங்க. கால் அசையாம இருந்தா முதல்ல சிவப்பு விளக்கு மின்னும், அப்பவும் அசையலன்னா டிவிக்கு நிறுத்தச் சொல்லி சிக்னல் போகும். (எங்களுக்குப் போட்டியே தூக்கம்தான்னு 2017-ல சொன்ன ரீட் ஹேஸ்டிங்ஸும் அப்போ இதே நெட்ஃபிளிக்ஸுக்குத் தலைவரா இருந்தவர்தான். நல்ல ஜோக்!) 2025-ல ஆப்பிள் இதை ஏர்பாட்ஸுக்குள்ளயே வச்சிடுச்சு.

நான் எடுத்தது சாக்ஸ் வழி. ஒரு இஎஸ்பி32, அசைவைப் பார்க்க ஒரு எம்பியூ6050, பழைய வாட்ச் ஸ்ட்ராப். எட்டு நிமிஷம் கை அசையலன்னா, புளூடூத் கீபோர்டு மாதிரி நடிச்சு போனுக்கு 'பாஸ்' அனுப்பும்.

முதல் சோதனை எலி நான்தான். கிளைமாக்ஸ்ல ஆடாம அசையாம பார்த்துக்கிட்டு இருந்தேன்... டப்புன்னு நின்னுடுச்சு! அசையாம இருக்கறது வேற, தூங்கறது வேறன்னு அந்தச் சில்லுக்கு எப்படித் தெரியும்? நாடித்துடிப்பையும் சேர்த்துப் பார்த்தா கொஞ்சம் தேறும். பட்ஜெட் இல்ல. நேரத்தைப் பன்னிரண்டு நிமிஷமாக்கி ஒப்பேத்தினேன். டெமோ நல்லபடியா முடிஞ்சுது.

அப்புறம் அம்மா கையில கட்டி விட்டேன். சொன்ன மாதிரியே அவங்க தூங்கினதும் படம் நின்னுச்சு. எனக்கு ஒரே பெருமை. ரெண்டு நிமிஷம்கூட ஆகல, அம்மா எழுந்து உக்காந்துட்டாங்க. மறுநாளும் அதே கதை. மூணாவது நாள் பட்டையைக் கழட்டி என் கையில கொடுத்துட்டாங்க.

"பேச்சுச் சத்தம் நின்னா, பக்கத்துல இருந்தவங்க எழுந்து போன மாதிரி இருக்குடா."

அவங்க இத்தனை நாளா படம் பார்க்கவே இல்லைன்னு எனக்கு அப்பதான் உறைச்சது. டேட்டாவையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன், அதைக் கேக்கவே இல்லை.

இப்ப காலேஜ் வைஃபைல படங்களை டவுன்லோடு பண்ணி அம்மா போன்ல ஏத்திட்டு வர்றேன். ராத்திரி பூரா ஓடுது. டேட்டாவும் மிச்சம். பட்டை மேஜை டிராயர்ல கிடக்கு, ஜூனியர் யாருக்காவது அந்த எம்பியூ6050 வேணும்னா வந்து வாங்கிக்கலாம்.