லிமிட் வைக்கிறவர் முதலில் லாக் படிக்கட்டும்

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "லிமிட் எவ்வளவு வைக்கலாம்?" ஐந்து நிமிடத்துக்கு நூறா, ஆயிரமா, இரண்டாயிரமா? வெப் அப்ளிகேஷன் ஃபயர்வாலில் (வாஃப்) ரேட் லிமிட் வைப்பது ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை நிரப்புகிற வேலை என்றுதான் வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் இந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. "நம்பர் கெடக்கட்டும் தம்பி. யாரு வர்றாங்கன்னு மொதல்ல பாத்துட்டு வா" என்று அனுப்பிவிடுவார்.

அவர் பார்க்கச் சொன்னது டாஷ்போர்டை அல்ல, லாகை. அதுவும் வடிகட்டாத, சர்வர் எழுதியது அப்படியே இருக்கிற ஆக்செஸ் லாகை. ஒரு நாளின் லாகை எடுத்து ஐ.பி. வாரியாகக் கூட்டி, அதிகமாக வந்தவர்களை மேலிருந்து வரிசைப்படுத்தச் சொல்வார். பிறகு ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து "இது யாரு?" என்பார். தெரியாது என்று சொன்னால் அடுத்த வரிக்குப் போக மாட்டார். முதல் இடத்தில் இருப்பது நம்முடைய சொந்த மானிட்டரிங் கருவியாக இருக்கும். அடுத்தது கூகுள்பாட் என்று பெயர் போட்டு வந்த ஏதோ ஒன்று. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதால், ஐ.பி.யை ரிவர்ஸ் டி.என்.எஸ். செய்து கூகுளின் டொமைன் வருகிறதா என்று பார்த்து, அந்தப் பெயரைத் திரும்ப ஐ.பி.யாக்கிப் பழைய எண்ணே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கடுத்தது ஒரு கல்லூரி விடுதி. அதற்கும் அடுத்தது, ராத்திரி முழுக்க விலைப்பட்டியலைப் பக்கம் பக்கமாக உருவிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்கிரிப்ட். லிமிட் தேவைப்படுவது இந்தக் கடைசி ஆளுக்கு மட்டும். ஆனால் மேலே இருக்கும் மூன்று பேரும் அவனைவிட அதிகமாக ரிக்வெஸ்ட் அனுப்பியிருப்பார்கள்.

எண்ணைக் கண்டுபிடிக்கிற முறை அவர் கையில் எளிமையாக இருந்தது. ஒவ்வொரு பாதையையும் தனியாக எடுத்துக்கொள்வார்: லாகின் வேறு, தேடல் வேறு, படங்கள் வேறு. அந்தப் பாதையில் ஒவ்வொரு ஐ.பி.யும் ஏதாவது ஓர் ஐந்து நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை முறை வந்தது என்று கணக்கெடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவார். முக்கால்வாசிப் பேர் அடியில் நெருக்கமாகக் கிடப்பார்கள். அப்புறம் ஒரு வெற்றிடம் வரும். அதைத் தாண்டிச் சிலர் மட்டும் தொலைவில் நிற்பார்கள். லிமிட் அந்த வெற்றிடத்தில் உட்கார வேண்டும், அடியில் கிடக்கும் கூட்டத்திலிருந்து நன்றாகத் தள்ளி. அவர் எனக்குத் தந்தவற்றில் பெரிய சொத்தாக நான் நினைப்பது இதையடுத்து அவர் சொன்னது: வெற்றிடமே தெரியவில்லையென்றால் எண்ணைத் தேடாதே, நீ எண்ணிக்கொண்டிருக்கிற பொருளே தப்பு.

இதை முழுசாகப் புரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது. நாம் மனிதர்களை எண்ணுவதாக நினைத்துக்கொண்டு ஐ.பி.களை எண்ணிக்கொண்டிருக்கிறோம். பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலையை எண்ணிப் பாருங்கள். ஏழெட்டு லட்சம் பிள்ளைகள், அவர்கள் வீட்டார், சொந்தக்காரர்கள், எல்லோரும் ஒரே மணி நேரத்தில் கைபேசியைத் தட்டுகிறார்கள். மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐ.பி.வி.4 முகவரிக்குப் பின்னால் ஏராளமான கைபேசிகளை வைத்திருக்கின்றன. உள்ளே பகிர்ந்துகொள்ள 100.64.0.0/10 என்ற தொகுதியே 2012-இல் ஒதுக்கப்பட்டது. வெளியே இருக்கும் நமக்கு அது ஒரே கதவு எண் போட்ட காம்பவுண்டு வீடு, உள்ளே எத்தனை குடித்தனம் என்று தெரியாது. அங்கே ஐ.பி.க்கு ஐந்து நிமிடத்தில் நூறு என்று வைத்தால், தன் மதிப்பெண்ணைப் பார்க்க வந்த பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்துகிறோம். ஐ.பி.வி.6-இல் நிலைமை தலைகீழ். ஒரு வீட்டுக்கோ ஒரு கைபேசிக்கோ பொதுவாக முழு /64 தொகுதியே கிடைக்கிறது. முழு முகவரியை வைத்து எண்ணினால் ஒருவனே ரிக்வெஸ்டுக்கு ஒரு முகவரி மாற்றி வந்து போவான், எந்தக் கணக்கிலும் சிக்க மாட்டான். ஐ.பி.வி.6 என்றால் முதல் 64 பிட்டோடு வெட்டி எண்ணுங்கள். என்ஜின்எக்ஸ் தானாக அப்படி வெட்டாது, நாம்தான் ஒரு மேப் எழுதி வெட்டித் தர வேண்டும்.

எண்ணும் பொருள் தப்பாகிப்போன கதைகளில் நான் அடிக்கடி சொல்வது ஒன்று. ஒரு தளம் லோட் பேலன்சருக்குப் பின்னால் இருந்தது. அதைக் கவனிக்காமல் சர்வரில் லிமிட் போட்டுவிட்டார்கள். சர்வருக்கோ வருகிற ஒவ்வொரு ரிக்வெஸ்டும் லோட் பேலன்சரின் உள் முகவரியிலிருந்து வருவதாகத்தான் தெரியும். உலகமே ஒரே ஆளாகிவிட்டது, தளம் நின்றது. பதறிப்போய் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் இடப்பக்கம் முதலில் இருக்கும் முகவரியை எடுத்து எண்ண ஆரம்பித்தார்கள். தளம் உயிர் பெற்றது, ஆனால் லிமிட் செத்துப்போனது. அந்த ஹெடரின் இடப்பக்கத்தை அனுப்புகிறவன் தன் இஷ்டத்துக்கு எழுதலாம், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு பொய் முகவரி போடலாம். நம்பத் தகுந்தது வலப்பக்கம். நம் கையில் இருக்கும் ப்ராக்ஸிகளின் முகவரிகள் எவை என்று தெரிந்து, வலமிருந்து அவற்றைத் தள்ளிவிட்டு, அடுத்து வருவதை எடுக்க வேண்டும். என்ஜின்எக்ஸில் ரியல் ஐ.பி. மாட்யூலுக்கு நம் ப்ராக்ஸி முகவரிகளைச் சொல்லிக் கொடுத்து ரிகர்சிவ் அமைப்பைப் போட்டால் இதை அதுவே செய்யும். லிமிட் எழுதுவதற்கு முன் ஒரு ரிக்வெஸ்ட் எந்தெந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று காகிதத்தில் படம் போடுங்கள். நான் இன்றும் போடுகிறேன்.

அடுத்து கருவியின் குணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு, பழகித்தான் தெரியும். என்ஜின்எக்ஸில் விநாடிக்குப் பத்து என்று எழுதினால் ஒரு விநாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் பத்து வரலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது மில்லிசெகண்டில் கணக்குப் பார்க்கும் கருவி. 100 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்பதே அதற்குப் பொருள். இரண்டு ரிக்வெஸ்ட் ஒட்டி வந்தால் இரண்டாவது திரும்பிப்போகும். ஒரு பக்கம் திறக்கும்போது பிரவுசர் ஸ்கிரிப்ட், படம், எழுத்துரு என்று இருபது முப்பதை ஒரே மூச்சில் கேட்கும் என்பதால், பர்ஸ்ட் போடாத லிமிட்டில் பக்கம் பாதி உடைந்துதான் தெரியும். பர்ஸ்ட் மட்டும் போட்டால் மிச்சத்தை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக விடும், பக்கம் நொண்டும். நோடிலே சேர்த்தால்தான் அந்த முதல் வேகத்தை உடனே உள்ளே விட்டுவிட்டு, அப்புறம் கணக்கை இறுக்கும். ஒரு சாதாரணப் பக்கத்தை கேஷ் இல்லாமல் திறந்து, நெட்வொர்க் டேபில் எத்தனை ரிக்வெஸ்ட் என்று எண்ணி, அதற்குச் சற்று மேலே பர்ஸ்ட் வையுங்கள். நினைவக அளவையும் பாருங்கள்: 64 பிட் சர்வரில் ஒரு முகவரிக்கான கணக்கு 128 பைட் எடுக்கும், ஒரு எம்.பி.யில் ஏறக்குறைய 8 ஆயிரம் முகவரிதான் கொள்ளும். இடம் நிறைந்தால் பழைய கணக்கைத் தூக்கிப்போட்டுவிடும். தூக்கிப்போடப்பட்டவனுக்குக் கணக்கு மறுபடி சுழியிலிருந்து தொடங்கும்.

ஏ.டபிள்யூ.எஸ். வாஃப் வேறு சுபாவம். ஆரம்பத்தில் ஐந்து நிமிடத்துக்கு 2000-க்குக் கீழே அதில் லிமிட் வைக்கவே முடியாது. பிறகு 100 ஆனது, இப்போது 10 வரை இறங்கலாம். காலத்தையும் 1, 2, 5, 10 நிமிடம் என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அது துல்லியமாக எண்ணும் கருவி கிடையாது. மதிப்பிட்டுப் பார்த்து, சற்றுத் தாமதமாகக் கை வைக்கும். 100 என்று வைத்துவிட்டு 101-ஆவது ரிக்வெஸ்டில் நிற்கவில்லையே என்று சோதித்துக் குழம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வித்தியாசம் அதைவிட முக்கியம். என்ஜின்எக்ஸ் திருப்பி அனுப்பிய ரிக்வெஸ்டைக் கணக்கில் ஏற்றாது, அதனால் விடாமல் தட்டுகிறவனுக்கும் இடையிடையே ஒன்று உள்ளே போகும். ஏ.டபிள்யூ.எஸ். தடுத்ததையும் சேர்த்தே எண்ணும், தட்டுவதை நிறுத்தும்வரை கதவு திறக்காது. விலைப்பட்டியலை உருவுகிறவனுக்கு இரண்டாவது நல்லது. ஆனால் நம் சொந்த மொபைல் ஆப், பதில் வராவிட்டால் மறு நொடியே திரும்பக் கேட்கும்படி எழுதப்பட்டிருந்தால், ஒருமுறை மாட்டிய வாடிக்கையாளர் வெளியே வரவே முடியாது. ரூல் எழுதுவதற்கு முன் ஆப் எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மறுமுயற்சிக்கு இடையே காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் இரட்டிக்க வேண்டும், அதில் கொஞ்சம் தற்செயலும் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் கைபேசிகளும் ஒரே கணத்தில் திரும்ப வந்து நிற்கும்.

விதிவிலக்கு கொடுப்பதிலும் கை பதமாக இருக்க வேண்டும். மானிட்டரிங் கருவி மாட்டிக்கொள்கிறதே என்று அதன் ஐ.பி.க்கு மேலே ஓர் அலவ் ரூல் போடுவார்கள். ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் அலவ் விழுந்த இடத்திலேயே பரிசோதனை முடிந்துவிடும், கீழே இருக்கும் எஸ்.கியூ.எல். இன்ஜெக்‌ஷன் ரூல் எதையும் அது பார்க்காது. ரேட் ரூலிலிருந்து மட்டும் விலக்கு வேண்டுமென்றால், அந்த ரூலின் ஸ்கோப்-டவுனுக்குள்ளேயே அந்த ஐ.பி.யை ஒதுக்கி எழுத வேண்டும்.

எழுதிய ரூலை நேராக பிளாக் நிலையில் விடாதீர்கள். கவுண்ட் நிலையில் விடுங்கள், யாரையும் தடுக்காமல் யாரைத் தடுத்திருக்கும் என்று மட்டும் எழுதிவைக்கும். என்ஜின்எக்ஸிலும் 1.17.1 பதிப்பிலிருந்து ட்ரை ரன் இருக்கிறது. எத்தனை நாள் என்று கேட்டால், அந்தத் தளத்தின் ஒரு முழுச் சுற்று முடியும்வரை என்பேன். பில் கட்டும் தளத்துக்குக் கடைசித் தேதி தாண்ட வேண்டும், சம்பளம் சம்பந்தப்பட்ட தளத்துக்கு மாதத்தின் முதல் நாள் தாண்ட வேண்டும். மேலிடத்திலிருந்து அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்துக்கு எதிரில் பொறுமையாக நிற்பதும் இந்தத் தொழிலில் அடக்கம். என் ஆசான் நிற்பார், குரல் உயராது. "இன்னிக்கு பிளாக் பண்ணா யாரு யாரு விழுவாங்கன்னு லிஸ்ட் தர்றேன் சார், பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்பார். பட்டியலில் தங்கள் பெரிய வாடிக்கையாளரின் அலுவலகத்தைப் பார்த்ததும் அவர்களே தேதியைத் தள்ளிவைப்பார்கள்.

ஐ.பி.யை எவ்வளவு கவனமாக எண்ணினாலும் சிக்காத வேலைகள் உண்டு. எங்கோ கசிந்த கடவுச்சொல் பட்டியலை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஐ.பி.களிலிருந்து ஆளுக்கு இரண்டு முறை லாகின் முயல்கிறவனை ஐ.பி. லிமிட் காணாது. அங்கே பயனர் பெயரை எண்ண வேண்டும். ஆனால் அதை வைத்துப் பூட்டவும் கூடாது, பூட்டினால் யாருடைய கணக்கையும் வெளியாள் ஒருவன் பூட்டிவைத்துவிடலாம். எனவே அந்த இடத்தில் தடுப்பதற்குப் பதில் கேப்சா கேட்பேன். ஓ.டி.பி. பக்கமும் அப்படித்தான். ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் காசு போகிறது, ஒரு கைபேசி எண்ணுக்கு மணிக்கு மூன்று என்று கட்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்காத வாஃபால் இது ஆகாது, அப்ளிகேஷனுக்குள் ரெடிஸில்தான் எண்ண வேண்டும். அங்கே ஒரு நுணுக்கம்: எண்ணைக் கூட்டும் இன்கர், காலாவதி வைக்கும் எக்ஸ்பயர் இரண்டையும் தனித்தனியாக அனுப்பாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் புராசஸ் விழுந்தால் காலாவதியே இல்லாத கணக்கு நின்றுவிடும், அந்த மனிதருக்கு அப்புறம் ஓ.டி.பி. வராது. ஒரு சின்ன லுவா ஸ்கிரிப்டில் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள்.

2023-இல் எச்.டி.டி.பி. 2-இன் ரேபிட் ரீசெட் தாக்குதலில் விநாடிக்கு 39.8 கோடி ரிக்வெஸ்ட் வந்ததாக கூகுள் சொன்னது. அந்த மாதிரி வெள்ளத்தை அவர்களைப் போன்றவர்கள் தங்கள் எல்லையிலேயே நிறுத்துவார்கள். நம்மிடம் அன்றாடம் வருவது சின்ன ஊற்று, நல்லவர்களோடு கலந்து வருவது. அதைப் பிரித்தெடுப்பதே நம் வேலை.

தடுக்கும்போது 429 கொடுங்கள், 2012-இல் இதற்கென்றே வகுத்த எண் அது. என்ஜின்எக்ஸ் சொல்லாவிட்டால் 503 கொடுக்கும். சர்வர் விழுந்துவிட்டது என்று நினைத்து ராத்திரி ட்யூட்டியில் இருக்கிறவர் எழுந்து ஓடுவார். எத்தனை விநாடி கழித்து வரலாம் என்று ரிட்ரை-ஆஃப்டர் ஹெடரில் சொல்லுங்கள். தடுத்த பக்கத்தில் நல்ல தமிழில் இரண்டு வரியும் ஒரு ரிக்வெஸ்ட் ஐ.டி.யும் இருக்கட்டும். வாடிக்கையாளர் போன் செய்து அந்த ஐ.டி.யைப் படித்தால், எந்த ரூலில் விழுந்தார் என்று லாகில் ஒரே தேடலில் எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு ரூலின் மேலும் குறிப்பு எழுதுங்கள்: எதற்காக, எந்தத் தேதி லாகைப் பார்த்து, நேர்மையாக வந்தவர்களில் அதிகபட்சம் எவ்வளவு இருந்தது, யாரைக் கேட்டு வைத்தோம். நாளைக்கு அந்தப் பக்கத்தில் கீழே இழுக்க இழுக்கத் தானாக நீளும் பட்டியலைச் சேர்ப்பார்கள், பழைய அதிகபட்சம் ஒரே நாளில் மூன்று மடங்காகும். அன்றைக்கு அந்த ரூலைத் திறப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள். குறிப்பு இருந்தால் அவர் புதிய லாகை எடுத்து, பழைய கணக்கோடு வைத்துப் பார்த்து, எண்ணைத் தைரியமாக மாற்றுவார். இல்லையென்றால் தொடப் பயந்து, பக்கத்தில் இன்னொரு ரூல் எழுதிவைப்பார்.