பத்து நாள் சுற்றுலா

களியக்காவிளையில் தமிழ்ப் பலகை முடிகிறது. கொஞ்ச தூரத்தில் மலையாளப் பலகை தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வாழைக்குலைக் கடை. எந்த மொழியில் கேட்டாலும் கடைக்காரர் ஒரே விலை சொல்கிறார்.

காலை. இஞ்சிவிளைப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்புகிறது. ஓட்டுபவர் சீருடையில் இல்லை. கட்டம் போட்ட சட்டை, தோளில் ரெக்சின் பை. ரப்பர் ஷீட் காயப்போடும் பெண் அவர் முடிவெட்டைப் பார்த்தே உள்ளே குரல் கொடுக்கிறாள்.

"பாஸ்போர்ட்டு சார் வந்தாச்சு."

பிளாஸ்டிக் நாற்காலி வெளியே வருகிறது. வேட்டி நுனியால் அது துடைக்கப்படுகிறது. அவர் சாயா வேண்டாம் என்கிறார். சாயா வருகிறது. குடிக்கிறார்.

காகிதங்கள் ஜவுளிக்கடைக் கவரில் இருக்கின்றன. ஆதார் மலையாளத்தில். பள்ளிச் சான்றிதழ் தமிழில். பெண் படித்தது அம்மா வீட்டில், விளவங்கோடு தாலுகாவில். சான்றிதழில் அப்பா பெயர் சூசை. ரேஷன் கார்டில் ஜோசப்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சாட்சிக்கு வந்து நிற்கிறார்கள். அவர் அப்பாவைக் காட்டி, இவர் பெயர் என்ன என்று கேட்கிறார். ஒருவர் சூசை என்கிறார். மற்றவர் அதே சமயத்தில் ஜோசப் என்கிறார்.

"ரெண்டும் நாந்தான் சாரே" என்கிறார் அப்பா.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு மதராஸ் மாநிலத்துக்குப் போகிறது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிற்கிறது. தமிழர்கள் கேட்ட தாலுகாக்களில் அதுவும் ஒன்று. கிடைக்கவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அன்றைக்கும் நிற்கவில்லை, இன்றைக்கும் நிற்கவில்லை. எழுத்துப்பிழை மட்டும் இரண்டு அரசாங்கத்திலும் தனித்தனியாகப் பதிவாகிறது.

அவர் நோட்டில் நாலு வரி எழுதுகிறார். பெண்ணின் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்க்கிறார். அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். போட்டோவில் அது இல்லை.

*

நெய்யாற்றின்கரை பாஸ்போர்ட் சேவா கேந்திரம். கதவு திறக்கும் முன்பே வரிசை. வரிசையில் எல்லோர் கையிலும் ஒரு ஃபைல், எல்லோர் காலிலும் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு.

உள்ளே மூன்று கவுன்டர்கள். ஏ கவுன்டரில் படமும் விரல் ரேகையும். பி கவுன்டரில் காகிதம் பார்ப்பது. சி கவுன்டரில் அனுமதி. சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி படிப்பைப் பற்றியது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று விழும். அவர் 18 நாடுகளில் வேலைக்குப் போவதற்குக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ரஷ்யா இல்லை. பத்து தேறியவரை அந்தக் கேள்வி தொடுவதே இல்லை.

வரிசையில் மூன்று பையன்கள். ஒருவன் ஊர் மற்றவனுக்குத் தெரியவில்லை; கேட்டுக்கொள்கிறார்கள். நாலாவது ஆள் வரிசையில் இல்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் இருக்கிறார். பையன்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து டீ குடிக்கிறார்கள். காசு அவர் கொடுக்கிறார். போட்டோகாப்பிக்கும் அவர்தான் கொடுக்கிறார். மூன்று பேரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். திருப்தி.

*

நெடுஞ்சாலையோரம் ஒரு மாடி அறை. பூட்டு உடைக்கப்படுகிறது. வீட்டு உரிமையாளர் சாட்சியாக நிற்கிறார். மூன்று மாத வாடகை பாக்கி என்பதை அவர் சாட்சியத்தில் சேர்க்கச் சொல்கிறார்.

மகஜர் எழுதப்படுகிறது. மேசை 1. பிளாஸ்டிக் நாற்காலி 6. பிரின்டர் 1, மை இல்லை. உலகப்படம் 1. கனடாவின் மேல் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர். சுவர்க் கடிகாரம் 3. அடியில் லண்டன், டொரன்டோ, துபாய். மூன்றும் நின்றிருக்கின்றன, வெவ்வேறு மணியில். அதனால் சரியாக ஓடுவது போலவே இருக்கிறது.

சுவரில் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டிய இடத்தில் மாதாவின் படம். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, பதிவில்லாமல் ஆளெடுக்கக் கூடாது. பதிவுள்ளவரும் ஓர் ஆளிடம் 30,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது, ஜி.எஸ்.டி. தனி. மேசை இழுப்பறையில் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. முதல் தாள்கூடக் கிழிக்கப்படவில்லை.

பாஸ்போர்ட்டு சார் கைபேசியில் அரசின் இ-மைக்ரேட் தளத்தைத் திறக்கிறார். வட்டம் சுற்றுகிறது. நிறுவனத்தின் பெயரை அடிக்கிறார். இல்லை. ஓர் எழுத்தை மாற்றி அடிக்கிறார். இல்லை. பதிவில்லாத ஏஜென்டுகளின் பட்டியல் தனியாக இருக்கிறது. அதிலும் இல்லை.

உலகப்படத்தை எடுத்துச் செல்வதா வேண்டாமா என்று ஒரு பேச்சு நடக்கிறது. ஆணி கழற்ற வராததால் அது அங்கேயே இருக்கிறது.

*

அறைக்காரர் மறுநாள் தானே வருகிறார். இஸ்திரி போட்ட சட்டை. சொந்தப் பேனா. நாற்காலியைக் கொஞ்சம் பின்னே இழுத்துப் போட்டு உட்காருகிறார்.

ஏஜென்டா என்ற கேள்விக்கு, இல்லை என்கிறார். பின்னே யார்? வழி சொல்லிக்கொடுப்பவர். பணம்? டிக்கெட்டுக்கு. மிச்சம்? மேலே உள்ளவருக்கு. மேலே யார்? வாட்ஸாப் நம்பர் இருக்கிறது. நம்பர் அடிக்கப்படுகிறது. பெண் குரல் ஒன்று ஆங்கிலத்தில், பிறகு வேறு ஏதோ மொழியில், எண் உபயோகத்தில் இல்லை என்கிறது.

"ஒரு ஹெல்ப்பு செஞ்சேன் சாரே."

அந்தச் சொல் மறுபடியும் வருகிறது. நர்ஸிங் படித்த பெண்ணுக்கு ஹெல்ப்பு. அளியனின் மகனுக்கு ஹெல்ப்பு. படகை விற்றவருக்கும் ஹெல்ப்பு. எழுதிக்கொண்டிருக்கும் போலீஸ்காரர் கடைசியில் அந்தச் சொல்லை மட்டும் சுருக்கி எழுதத் தொடங்குகிறார்.

பிரிவு எண் எழுத வேண்டிய இடம் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் ஏமாற்றுக்கு எண் 318. போலீஸ்காரர் 420 என்று எழுதி, அடித்துவிட்டு, 318 எழுதுகிறார். வாசலில் நிற்கும் கூட்டம் இன்னும் நானூற்றிருபது என்றே சத்தம் போடுகிறது.

*

மதியம். கடற்கரை ஊரிலிருந்து ஓர் அம்மா. கூட யாரும் இல்லை. கவரை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே அழைத்த பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறாள்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பத்திரிகைத் துண்டு. 2024 மார்ச்: ரஷ்யாவில் பாதுகாவலர் வேலை, உதவியாளர் வேலை என்று அழைத்துப் போய்ப் போர்முனையில் விட்ட வழக்கு. டெல்லி, மும்பை, மதுரை, சென்னை, திருவனந்தபுரம் உட்பட ஏழு நகரங்களில் சி.பி.ஐ. சோதனை. செய்தியில் பொழியூரின் பெயர். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடைசி மீன்பிடி ஊர்; அடுத்தது நீரோடி, அது தமிழ்நாடு. பக்கத்தில் இன்னொரு துண்டு, 2025 ஜனவரி, வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கு: ரஷ்யப் படையில் சேர்ந்த இந்தியர் 126. திரும்பியவர் 96. இறந்தவர் 12. இருக்குமிடம் தெரியாதவர் 16. கடைசி எண்ணுக்கு அடியில் பென்சில் கோடு.

அம்மா அதைத் தலைகீழாகப் படிக்கப் பார்க்கிறாள்.

"அம்மச்சீ, இது ரஷ்யா கேஸு. உங்களுக்கது வேற."

அவளுடையது பாங்காக். டேட்டா என்ட்ரி வேலை, ஏ.சி. அறை, சாப்பாடு இலவசம். கம்ப்யூட்டர் தெரிந்தால் மதி. இப்போது பையன் பாங்காக்கில் இல்லை. இரண்டு போன்களுக்கு முன்பே இல்லை. கடைசிப் போனில் ஆற்றைக் கடந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறான். எந்த ஆறு என்று அவளுக்குத் தெரியவில்லை. பாஸ்போர்ட்டு சார் காகிதத்தில் ஒரு கோடு கிழிக்கிறார். கோட்டுக்கு இந்தப் பக்கம் மே சோட், தாய்லாந்து. அந்தப் பக்கம் மியாவடி, மியான்மர். கோடு, மோயி ஆறு.

2025 மார்ச் 10, 11. அந்தக் கரையின் இணைய மோசடி முகாம்களிலிருந்து மீண்ட 549 இந்தியரை மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்கள் கொண்டுவருகின்றன. பெயர்கள் பார்க்கப்பட்டாயிற்று. அவன் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் எழுத்து மாற்றியும் பார்க்கப்பட்டாயிற்று.

கவரிலிருந்து ஒவ்வொன்றாக மேசைக்கு வருகிறது.

பாஸ்போர்ட் நகல். உண்மையானது. போன வருடம் இதே அலுவலகத்திலிருந்துதான் சரிபார்க்கப்பட்டது. விசா இல்லை; 2023 நவம்பரிலிருந்து இந்தியச் சுற்றுலாக்காரருக்குத் தாய்லாந்தில் தேவையில்லை. டிக்கெட், போக வர. உண்மையானது. ஹோட்டல் பதிவு. உண்மையானது. பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு. உண்மையானது, போய்ச் சேர்ந்த கணக்கு வேறொரு மாநிலத்தில் ஒரு தையல்கடைப் பெயரில் இருக்கிறது. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். முத்திரையை விரலால் தடவுகிறார். எந்தக் காகிதத்திலும் பிழை இல்லை. பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அப்பா பெயர்கூட.

போனில் ஒரு குரல் செய்தி. அம்மா சத்தத்தைக் கூட்டுகிறாள். "பேடிக்கண்டா சேச்சீ, எல்லாம் செட்டாணு." சிரிப்புச் சத்தம். பின்னணியில் கோழி கூவுகிறது.

கடைசியாக ஒரு நோட்டுத்தாள். நாலாக மடித்தது. பையனின் மேசையில் இருந்ததாம். மலையாளத்தில், குண்டு குண்டான எழுத்தில், கேள்வியும் பதிலும்.

ஏன் போகிறாய்? சுற்றுலா.
எத்தனை நாள்? பத்து நாள்.
வேலைக்கா? இல்லை.
யார் அனுப்பினார்கள்? யாரும் இல்லை, சொந்தப் பணம்.
கூட வருபவர்களைத் தெரியுமா? தெரியாது.

அதற்குக் கீழே தனியாக: முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். ரொம்பச் சிரிக்கக் கூடாது. கடைசி வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

விமான நிலையத்தில் கேட்பதற்கு. அங்கே கேட்டிருப்பார்கள். அவன் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பான்.

அவர் அதை முழுக்கப் படிக்கிறார். மறுபடி முதல் வரியிலிருந்து படிக்கிறார்.

"அவன் எழுத்து நல்ல எழுத்தாக்கும் சாரே" என்கிறாள் அம்மா. "எஸ்.எஸ்.எல்.சி.யில மலையாளத்துக்கு ஏ பிளஸ்."

புகாரோடு இணைத்த ஆவணங்களின் பட்டியல் எழுதப்படுகிறது. பாஸ்போர்ட் நகல், டிக்கெட், ஹோட்டல், வங்கிச் சீட்டு. ஒவ்வொன்றின் எதிரிலும் யார் கொடுத்தது என்ற பத்தி. பேனா நோட்டுத்தாளுக்கு வருகிறது. கையால் எழுதிய தாள் 1. யார் கையால் என்பதற்குப் பேனா நகரவில்லை. ஃபேன் சுற்றுகிறது. தாள் பறக்கப் பார்க்கிறது. அம்மா கையை வைத்து அழுத்திப் பிடிக்கிறாள்.

அந்தப் பத்தி காலியாகவே இருக்கிறது. அவர் அடுத்த பக்கத்துக்குப் போகிறார்.

சுவரில் கேரள அரசின் நோர்க்கா சுவரொட்டி. வெளிநாட்டு வேலை என்றால் விசாரித்துப் போகவும். 1800 425 3939. அதன் மேல் பாதியை ட்யூட்டி பட்டியல் மறைக்கிறது.

"பைசா போட்டு சாரே. பய வந்தா மதி."

அவர் தலையாட்டுகிறார். பைசாவைப் பற்றிய கேள்விகளைத்தான் மேலும் கேட்கிறார். எந்தத் தேதி, எந்த வங்கி, யார் எதிரில். பையனைப் பற்றிக் கேட்பதற்குப் படிவத்தில் கொஞ்சம் இடமே இருக்கிறது: உயரம், நிறம், மச்சம்.

மச்சத்தைச் சொல்லும்போது அம்மா தன் இடது தோளைத் தொட்டுக் காட்டுகிறாள்.

ரசீது கிடைக்கிறது. அதே கவருக்குள் போகிறது. அவள் எழுந்திருக்கிறாள். கதவு வரை போகிறாள். திரும்பி வருகிறாள்.

"இளையவனுக்கும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கு சாரே. நெய்யாற்றின்கரையில போய் கைரேகை எல்லாம் வச்சாச்சு. உங்ககிட்டதான் வருமாம். கொஞ்சம் சீக்கிரம் பாத்து விடணும்."

அவர் டேப்லெட்டை எடுக்கிறார். விரலால் தள்ளுகிறார். பட்டியலில் அந்த முகவரி இருக்கிறது. அடுத்த நாள் பார்க்க வேண்டியவற்றில் மூன்றாவது.

"எங்கே போறான்?"

"இன்னும் தீர்மானிக்கல்ல. கையில ஒண்ணு கிடக்கட்டும்னு."

"பத்து பாஸா?"

"பாஸு சாரே. அதுவும் ஏ பிளஸ்தான், ரெண்டு பாடத்துல."

"அப்ப நாளைக்குக் காலையில வீட்டில இரிக்கச் சொல்லணும். ஆதாரு, எஸ்.எஸ்.எல்.சி. புக்கு, ரெண்டும் ஒரிஜினல். பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் வேணும்."