ஒருமுறை சொன்னால் போதும்

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் ஒரு குழந்தையிடம் டீச்சர் கேட்கிறார், போலீஸ் கேட்கிறது, டாக்டர், மாஜிஸ்திரேட், குழந்தைகள் நலக் குழு, ஆலோசகர், கடைசியில் சிறப்பு நீதிமன்றம். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அவரவர் படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது. நலக் குழு நியமிக்கும் ஆதரவு நபராக என் வேலையில் பாதி, அந்தக் கட்டங்களை எல்லாம் குழந்தையே வாய்திறந்து நிரப்ப வேண்டியிராமல் பார்ப்பதுதான்.

எல்லாக் கேள்வியையும் தடுக்க முடியாது. எங்கே வலிக்கிறது, எப்போது நடந்தது என்பது டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். எந்த மாதிரியை எடுப்பது என்பதே அதைப் பொறுத்தது. ஆனால் பள்ளி, வகுப்பு, வீட்டு விவரங்களை நானே முன்கூட்டிச் சொல்லிவிடுவேன். ஆலோசகரிடம் குழந்தை மனம்விட்டுப் பேசியதை விசாரணை அதிகாரி கேட்டால், என்னிடமிருந்து அது போகாது. அந்த அறையும் விசாரணை அறையாகிவிட்டால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 24ஆவது பிரிவு. ஜீப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதனால் மகளிர் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, "மேடம், வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுட்டு நடந்து வந்துடுங்க" என்பேன். தெரு முழுக்கத் தெரிந்த பிறகு ரகசியம் காப்பதில் என்ன அர்த்தம்?

1985இல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் ஊரில், அரசு வழக்கறிஞர் பட் கிராமரின் முயற்சியால் போலீஸ், டாக்டர், ஆலோசகர் எல்லாரும் குழந்தையிருக்கும் ஒரே இடத்துக்கு வரும் மையம் உருவானது. எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு கூரை இல்லை. போனும் நடையும்தான்.

குற்றம் சாட்டப்பட்டவனே வீட்டில் சம்பாதிப்பவனாக இருந்தால் கைதோடு அடுப்பும் அணைகிறது. புகார் வேண்டாம் என்று தாய் பின்வாங்கினால், பிள்ளையை அவள் நம்பவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல வீடுகளில் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் வாடகையும் அரிசியும். 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி உணவு, உடை, போக்குவரத்துக்கு நலக் குழு உடனடி உதவியைப் பரிந்துரைக்கலாம். பரிந்துரை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பணம் வர வேண்டும். அந்த மனுவைத்தான் முதலில் எழுதுகிறேன்.

ஜாமீன் மனு எந்தத் தேதியில் வருகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வேன். அவன் வெளியே வந்த செய்தி டீக்கடையிலிருந்து தாய்க்குப் போகக் கூடாது. அதற்குள் பிள்ளையைப் பள்ளியில் யார் விடுவது, யார் கூட்டி வருவது என்று தாயும் நானும் தலைமையாசிரியரும் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும்.