கால் மைலுக்கு ஒரு இன்ஜின்

“டிராக் ரேஸுக்கு வண்டி கட்டணும், எந்த இன்ஜின் போடலாம்ணே?” என்று கேட்டு வரும் பையன்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள்: பழைய ஹோண்டா சிட்டியின் 1.5 விடெக். 106 குதிரைத்திறன். நல்ல இன்ஜின்தான். ஆனால் அந்த 106-ஐப் பார்க்க 6800 சுற்றுவரை ஏற்ற வேண்டும். நான் கைகாட்டுவது ஃபோர்டு ஐகானின் 1.6 ராக்கம் இன்ஜினை.

மறைமலைநகர் ஆலையிலிருந்து 1999-இல் வெளிவரத் தொடங்கிய கார் அது. 2022-இல் அங்கே கார் உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் அந்த வண்டியின் நாடி தெரிந்த கைகள் செங்கல்பட்டுப் பக்கம் இன்னும் இருக்கின்றன. இரும்பு பிளாக், எட்டு வால்வு, பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். போர் 82.07 மி.மீ., ஸ்ட்ரோக் 75.48, மொத்தம் 1597 சிசி. திறன் தொண்ணூறைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஆனால் இழுவையின் உச்சம் 2500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. முன்சக்கர இழுவை வண்டிக்கு இது பெரிய விஷயம். கிளம்பும்போது பாரம் பின்னால் சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரம் லேசாகித் தரையைச் சுரண்டும். குறைந்த சுற்றில் இழுவை இருந்தால் கிளட்சைத் தீய்க்காமல் அடக்கமாகக் கிளம்பலாம்.

பிளாக், ஹெட், கியர்பாக்ஸ் எல்லாம் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடலாம். ராடு போல்ட்டும் பேரிங்கும் மட்டும் பழசு கூடாது. 5500-இல் ஓடிய இன்ஜினை 7000-க்கு ஏற்றினால் பிஸ்டன் ராடைப் பிடித்து இழுக்கும் விசை அறுபது சதவீதத்துக்கு மேல் கூடும். கேம்ஷாஃப்ட்டுக்கும் மினுங்கும் ஏர் ஃபில்டருக்கும் செலவழித்துவிட்டு போல்ட்டில் மிச்சம் பிடிப்பவர்களுக்கு பிளாக்கின் பக்கவாட்டில் ஜன்னல் திறக்கும்.

போர் அடித்து, ஹோனிங் போட்டு முடித்ததும் சிலிண்டரைக் கழுவுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. பெட்ரோல் போதாது; கல்லின் துகள் இரும்பின் கீறல்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்து, எண்ணெய் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணி சாம்பல் பூத்து வரும். மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை ரிங் உள்ளே போகக்கூடாது. மாமல்லபுரம் பக்கம் பட்டறை வைத்திருப்பவருக்கு இன்னொரு அவசரமும் உண்டு. உப்புக்காற்றில் வெறும் இரும்பு காத்திருக்காது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் செம்பட்டை படரத் தொடங்கும். கழுவிய கையோடு எண்ணெய் பூசியாக வேண்டும்.

நம் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 35 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஆறு சதவீதத்துக்கு மேல் குறைவு. கடலோர ஈரப்பதம் இன்னும் கொஞ்சம் தின்னும். வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் குதிரைத்திறன் இங்கே மே மாதத்தில் கிடைக்காது. சூடான காற்று நாக்கிங்கையும் சீக்கிரம் கூப்பிடும். அதனால் ஹெட்டை ஸ்கிம் செய்து கம்ப்ரஷனை 9.5-லிருந்து 10.5-க்கு ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கே நல்ல ஆக்டேன் பெட்ரோல் வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி ஓட்ட இன்ஜின் கேட்பவர்களுக்கு என்னிடம் வேலை இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தக் காலத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. 1990 முதல் அதற்கென்றே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே ஓடிவிட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது முதல் 60 அடியின் நேரத்தை. கால் மைலின், அதாவது 402 மீட்டரின், முடிவில் வேகம் கூடியும் அந்த நேரம் குறையவில்லை என்றால் இன்ஜினைத் தொடமாட்டேன். டயர் காற்றையும் கிளட்சையும் பார்ப்பேன்.