இரு மூங்கிற் கோல்கள்

கிறிஸ்தவக் குடும்பங்களில் துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் ஓர் உவமை எப்போதும் தயாராக இருக்கும். "ஆண்டவர் உம்மைப் புடம் போடுகிறார்" என்பதே அது. மூன்று வருஷங்களுக்கு முன் நம் இல்லாள் காலமானபோது, பத்து நாளைக்குள் பதினைந்து பேராவது இதை நம்மிடம் சொல்லியிருப்பார்கள். தட்டான் உலையில் இடுவது பொன்னை. நாம் பொன்தான் என்பதை இவர்கள் எந்தக் கல்லில் உரைத்துப் பார்த்தார்களோ, தெரியாது! முதியவரான உபதேசியார் ஒருவர், "வாத்தியாரே, இந்தத் துன்பத்திலிருந்து நீர் புது மனிதராக எழும்புவீர்" என்றார். அவர் நல்லவர், அவர் சொன்னதும் வேதத்துக்கு மாறானதன்று. ஆனால் அன்றிரவு நம் வீட்டில் இருந்தவன் புது மனிதன் அல்லன். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் அடுக்களையில் நின்ற பழைய மனிதன்தான்.

துன்பம் மனிதனைப் புதுப்பிக்கும் என்பது கிறிஸ்தவ சமயத்தின் ஆதாரமான உபதேசங்களில் ஒன்று. யோபுவின் சரித்திரத்தையும், அப்போஸ்தலரான பவுலின் மாம்சத்தில் தைத்திருந்த முள்ளையும் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள்கூட அறிவார்கள். நமக்கு எழுந்த சந்தேகம் உபதேசத்தைப் பற்றியதன்று, காலத்தைப் பற்றியது. புதுப்பித்தல் எப்போது நிகழ்கிறது? துக்கத்தின் மறுநாளா, மறுவருஷமா? இந்தக் கேள்வியோடு பிரசங்கப் புத்தகங்கள் பலவற்றைப் புரட்டினோம். விடை கிடைத்தது புத்தகத்தில் அல்ல. ஒரு பெண்மணியின் வாழ்க்கையில்.

நாம் வசிக்கும் அரூருக்குத் தெற்கே சித்தேரி மலை நீண்டு கிடக்கிறது. சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1965-ல். அதற்கு ஐம்பது வருஷங்களுக்கு முன்பே, ஓர் ஆங்கிலத் தம்பதியர் அந்தப் பழைய ஜில்லாவின் கொல்லிமலையில் குடியிருந்துகொண்டு, சித்தேரி உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களிலும் பணி செய்வதென்று சங்கற்பம் செய்துகொண்டார்கள். கணவர் ஜெஸ்ஸி பிராண்டு, மனைவி ஈவ்லின். அம்மையார் லண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்து சித்திரக் கலை பயின்றவர். 1913-ல் விவாகம் முடித்து மலையேறினார்கள். ஜெஸ்ஸி மருத்துவம் சிறிது கற்றவர். பல் பிடுங்குவார், தச்சு வேலை செய்வார், வீடு கட்டுவார். நரம்புச் சிலந்தி என்ற கொடிய நோய் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளுவதால் பரவுகிறதென்று விளக்கி, கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பச் சொல்லி ஊர் ஊராகப் போராடினார்.

அவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும். 1923-ல், மகன் பாலுக்கு ஒன்பது வயதானபோது, படிப்புக்காக இருவரையும் இங்கிலாந்தில் தாயின் சகோதரிகளிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். மனமுவந்து ஏற்ற துன்பங்களில் அதுவே மிகக் கடினமானதென்று நமக்குத் தோன்றுகிறது. 1929 ஜூன் மாதத்தில் ஜெஸ்ஸி கடுமையான மலைக் காய்ச்சலில், நாற்பத்து நான்காம் வயதில், இறந்துபோனார். மரணச் செய்தி லண்டனுக்குத் தந்தியில் பறந்தது. அவர் முன்னமே மகனுக்கு எழுதியிருந்த கடிதங்களோ கப்பலில் மெள்ள மெள்ள வந்து சேர்ந்தன. மலையின் மரங்களையும் பறவைகளையும் வருணித்து, இறந்த தகப்பன் எழுதிய கடிதங்கள்!

ஈவ்லின் அம்மையார் ஒரு வருஷத்துக்குப் பின் தாய்நாடு சென்றார். வரவேற்கப் போன மகன் பிற்காலத்தில் அந்தக் காட்சியை எழுதியிருக்கிறார். நிமிர்ந்த உருவமும் அழகிய முகமும் உடைய தாயை எதிர்பார்த்து நின்றான் பையன். வந்தவளோ கூனிக் குறுகி, வயதுக்கு மிஞ்சி மூப்படைந்த ஒரு ஸ்திரீ. இவளா நம் தாய் என்று அவன் திகைத்தானாம். அப்போது அம்மையாருக்கு வயது ஐம்பதுதான்.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பக்தியில் நம்மைப் போன்றவர் பலரினும் மேம்பட்டவர் அவர். அவரையே துன்பம் முதலில் ஒடித்துத்தான் போட்டது. மறுநாளே புதுப் பிறவியாக எழுந்துவிடவில்லை, மறுவருஷமும் இல்லை. இதைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட ஆறுதல், பதினைந்து பேர் சொன்ன புடத்தில் ஏற்படவில்லை.

உறவினர் தடுத்தும் அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். வருஷங்கள் சென்றன. ஏறக்குறைய எழுபது வயதாகும் தறுவாயில், ஓய்வு பெற வேண்டுமென்று மிஷன் சங்கம் முடிவு செய்தது. சங்கத்தின் பேரில் குற்றம் சொல்வதற்கில்லை. எந்தச் சங்கமும் கிழவிகளைக் காட்டு மலைக்கு அனுப்பாது. அம்மையார் ஓய்வு பெற்றார். அதாவது, சங்கத்தின் சம்பளத்திலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு தம் சொந்தப் பொறுப்பில் மலையேறிவிட்டார்! ஆங்கிலேயர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. நம்மை ஆண்டவர்கள் போக, நமக்கு ஊழியம் செய்ய இந்த ஒரு கிழவி மாத்திரம் தங்கியது நம் தேசத்துக்கு எவ்விதத்திலும் நஷ்டமன்று என்பது நம் அபிப்பிராயம்.

கணவரோடு செய்த சங்கற்பத்தில் மிச்சமிருந்த மலைகளை அவர் அப்போதுதான் கையிலெடுத்தார். கல்வராயன் முதலிய மலைகளில் கிழட்டுக் குதிரை ஒன்றின்மீது, பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்றார். குதிரையிலிருந்து விழுந்ததும் பலமுறை. இடுப்பெலும்பு முறிந்து, கால்களும் மெல்ல மரத்துப்போகவே, இரண்டு மூங்கிற் கோல்களை ஊன்றித்தான் நடந்தார். ஒருமுறை விழுந்து எலும்பு முறிந்தபோது, விடியும்வரை தரையிலேயே கிடந்தார். காலையில் வந்தவர்கள் கட்டிலில் வைத்துச் சுமந்து மலையிறக்கினார்கள். மகன் அச்சமயம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேர்பெற்ற அறுவை வைத்தியர். அவர் தாயிடம், இனியாவது கீழே வந்துவிடும்படி மன்றாடினார். நாம் போய்விட்டால் இந்த ஜனங்களுக்கு யார் இருக்கிறார்கள், உபயோகப்படாத உடலைப் பத்திரப்படுத்தி என்ன பயன் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டு, கிழவி மறுபடியும் மலைக்குப் போய்விட்டார்.

கடைசி இருபது வருஷங்கள் தம் குடிசையில் அவர் முகக்கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. சித்திரம் எழுதப் பழகிய கண்கள் அவருடையவை. சுருக்கங்களும் வற்றிய கன்னங்களும் என்ன சொல்லும் என்பது அவருக்குத் தெரியாதா? ஆயினும் மலைவாசிகள் அந்த முகத்தைச் சூழ்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட மகன், தம் தாயை அழகி என்றே எழுதுகிறார். 1930-ல் கண்டு திகைத்த அதே மகன்தான்.

இந்த மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குஷ்டரோகிகளின் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்தது. அப்படியன்று, நோவு உணர்ச்சி அற்றுப்போவதால் சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் அவர்கள் தம்மைத் தாமே சிதைத்துக்கொள்கிறார்கள் என்பதை, வேலூரிலும் செங்கல்பட்டிலும் வருஷக்கணக்கில் கவனித்து அவர் நிலைநாட்டினார். மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையை 1948 முதல் செய்தார். நோவு சாபமல்ல, கொடை என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். வேறு எவர் எழுதியிருந்தாலும் நாம் சண்டைக்குப் போயிருப்போம். நோவு அற்றவர்களின் கைகளைப் பிடித்துப் பார்த்தவர், நோவு நிறைந்த தாய்க்கு மகன். ஆகவே சொல்ல உரிமை உண்டு என்று விட்டுவிட்டோம்.

ஈவ்லின் அம்மையார் 1974-ல் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். கொல்லிமலையில், கணவரின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். அவ்விரு மரணங்களுக்கும் இடையே நாற்பத்தைந்து வருஷங்கள்.

நமக்கு ஆகியிருப்பது மூன்று. வருகிற கலந்தாய்வில் சித்தேரி மலைப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு மனுச் செய்திருக்கிறோம். ஆசிரியர்கள் பொதுவாக அங்கிருந்து இறங்கத்தான் மனுப் போடுவார்கள். ஏறுவதற்குப் போட்டதைக் கண்டு குமாஸ்தா இரண்டு முறை படித்துப் பார்த்தார். மைத்துனருக்குச் சம்மதமில்லை. "முழங்கால் வலிக்காரருக்கு மலையா, மாப்பிள்ளை?" என்கிறார். மகளோ ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறாள்: சனிக்கிழமை தவறாமல் கீழே இறங்கி வந்துவிட வேண்டுமாம்.