25 ரூபிள் கருவி

பி.காம். படிக்கிறவனுக்கு சோவியத் படத்தில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். கணக்குதான்! 1925-ல் ஐசன்ஸ்டைன் எடுத்த 'ஸ்டிரைக்' ஊமைப் படத்தில் வேலைநிறுத்தம் மூள்வதே ஒரு கணக்கில்தான். ஆலையில் மைக்ரோமீட்டர் ஒன்று காணாமல் போகிறது. விலை 25 ரூபிள். மூன்று வாரக் கூலி. திருட்டுப் பட்டம் கட்டப்பட்ட தொழிலாளி தூக்கில் தொங்குகிறார். ஆலை நிற்கிறது.

8 மணி நேர வேலை, 30 சதவீதக் கூலி உயர்வு என்று தொழிலாளர்கள் எழுதிக் கொடுத்த தாளை, சிந்தியதைத் துடைக்கப் பயன்படுத்துகிறார்கள் முதலாளிகள். எல்லாரும் சுருட்டும் தொந்தியுமாக... கொஞ்சம் ஓவர்தான். பிரச்சாரப் படம் வேறு எப்படி இருக்கும்? ஆனால் கடைசியில் சிப்பாய்கள் சுடும்போது நடுநடுவே மாடு அறுப்பதைக் காட்டுகிறார் பாருங்கள், அங்கே வாயடைத்துப் போனேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜார் ஆட்சியில் செத்த தொழிலாளிக்காக அழும் இந்தப் படத்தை எடுக்க வைத்த அதே அரசுதான், 1921-ல் பெத்ரோகிராத் வேலைநிறுத்தங்களையும் கிரோன்ஸ்டாட் மாலுமிகளின் கிளர்ச்சியையும் ஒடுக்கியது. அதற்குப் படம் எடுக்கவில்லை!

நம்ம ஊருக்கு வருவோம். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைத் தாண்டினால் எட்டிவிடும் தூரத்தில் பொன்மலை. தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, 1946 செப்டம்பர் 5-ல், மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் அங்கே 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அது நிஜ ரத்தம். படம்பிடிக்க ஐசன்ஸ்டைன் யாரும் இல்லை. சங்கத்துக்காரர்கள் செப்டம்பர் 5-ல் கூடி அஞ்சலி செலுத்தித்தான் அந்த நினைவைக் காப்பாற்றி வருகிறார்கள்.

தமிழில் தொழிலாளர் படம் வராமலும் இல்லை. 1960-ல் நிமாய் கோஷ் 'பாதை தெரியுது பார்' எடுத்தார். இசை எம்.பி.சீனிவாசன். படத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, இருவரும் சென்னை சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டப் பாடுபட்டதுதான். திரையில் பேசிய ஒற்றுமையை, திரைக்குப் பின்னால் விளக்குப் பிடித்தவர்களுக்கும் கொண்டுபோனார்கள்.

என் அண்ணன் ஒரு பட்டறையில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். கருவி உடைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். போன மாதம் அப்படி 1,800 ரூபாய் போனது. எங்கள் காஸ்டிங் பாடத்தில் அதற்கு ஒரு வரி, அவ்வளவுதான். 'ஸ்டிரைக்' கதையைச் சொன்னேன். ஐசன்ஸ்டைன் யார் என்றெல்லாம் கேட்கவில்லை அவன். "பக்கத்து மெஷின்காரன் என்னடா பண்ணான்?" என்று மட்டும் கேட்டான்.

"எல்லாரும் மெஷினை நிறுத்திட்டாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க இடத்துல எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க" என்றான்.