அளவறிந்து அளித்தல்

விழா என்பது தனித்திருந்து துய்க்கும் இன்பம் அன்று. பிறரோடு பகிர்ந்து துய்க்கும் இன்பமாகும். பொங்கல் நாளில் கரும்பும், தீபாவளி நாளில் பலகாரமும், ரமலான் நோன்பு நாளில் கஞ்சியும் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்குச் செல்வது தமிழ்நாட்டு வழக்கம். டிசம்பர் 25-ஆம் நாள் வரும் கிறிஸ்துமஸ் திருநாளும் அத்தகையதே. அன்று உறவினரும் நண்பரும் ஒருவருக்கொருவர் பரிசு வழங்கி மகிழ்வர். ஆயினும், கையிலுள்ள பொருள் சிறிதாகவும் கொடுக்க வேண்டியவர் பலராகவும் உள்ள இல்லத்தில், அம்மகிழ்ச்சியோடு கவலையும் வந்து சேர்கிறது. யாருக்கு எதைக் கொடுப்பது? எவ்வளவில் கொடுப்பது?

இவ்வழக்கத்தின் வேரை நாடிச் சென்றால், இரண்டு செய்திகள் காணப்படும். குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள், பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் படைத்தனர் என்று மத்தேயு எழுதிய நற்செய்தி கூறுகிறது. இஃது ஒன்று. இன்று துருக்கி எனப்படும் நாட்டில், மீரா என்னும் ஊரில், நான்காம் நூற்றாண்டில் நிக்கலாஸ் என்னும் ஆயர் வாழ்ந்தார். மூன்று பெண்களுக்கு மணம் செய்விக்க வகையின்றி வருந்திய ஒரு தந்தையின் வீட்டில், அவர் இரவு வேளையில் பொற்கிழிகளை மறைவாக எறிந்து சென்றார் என்பது மரபுக்கதை. இது மற்றொன்று. இக்கதையில் இரண்டு நலங்கள் உள்ளன. அவர் பெறுவோரின் தேவையை அறிந்து கொடுத்தார். பெறுவோர் நாணாதவாறு கொடுத்தார். பரிசு கொடுக்க விரும்புவோர் இவ்விரண்டையும் மறத்தல் கூடாது.

மறந்தால் நேர்வது யாது? பாளையங்கோட்டையில் வாழும் ஒரு குடும்பத்தை மாணவர்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். தந்தை அச்சகம் ஒன்றில் பைண்டிங் வேலை செய்பவர். தாய், முதிய பாட்டி, பத்தாம் வகுப்பில் பயிலும் மகள், ஏழு வயது மகன் ஆகியோர் அவ்வீட்டினர். தந்தையின் தமக்கை சென்னையில் செல்வச் செழிப்போடு வாழ்கிறார். ஓர் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வந்த அவர், அனைவர்க்கும் விலையுயர்ந்த ஆடைகள் கொணர்ந்தார். தாம் குறைந்துவிடலாகாது என்று எண்ணிய தம்பி, வட்டிக்குக் கடன் வாங்கி, வெள்ளிக் கிண்ணம் ஒன்றைத் தமக்கைக்கு அளித்தார்.

விழா ஒரு நாளில் முடிந்தது. கடன் ஆறு திங்கள் நீடித்தது. ஜனவரியில் பாட்டியின் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அதனை மாற்றப் பணம் இல்லை. மகனின் முகம் வாடக்கூடாதே என்று பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. நாள்தோறும் மாலையில் பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, படிப்பவர்போல் அமர்ந்திருப்பார். ஏடு மட்டும் புரளாது. இதனைப் பேத்தி கண்டாள். ஜூன் மாதத்தில்தான் கடன் தீர்ந்து, புதிய கண்ணாடி வந்தது.

இத்தகைய துன்பம் ஒரு வீட்டிற்கோ, ஓர் ஊருக்கோ உரியதன்று. அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில், குறைந்த ஊதியத்திற்குக் கடைகளில் உழைத்த பெண்கள், தங்கள் மேலாளர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அன்பினால் அன்று, அச்சத்தினால் கொடுத்தனர். அதனை மாற்ற எண்ணி, எலினார் பெல்மாண்ட், ஆன் மார்கன் என்னும் பெண்மணிகள் 1912-ஆம் ஆண்டில் ‘பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்’ என்னும் பொருள்படும் பெயரால் ஓர் அமைப்பை நிறுவினர்.

பெரும்பொருள் செலவிட்டாலும் அது முழுமையும் பெறுவோரைச் சென்று சேர்வதில்லை. 1993-ஆம் ஆண்டில் ஜோயல் வால்டுஃபோகல் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், இதுபற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். பரிசு பெற்ற கல்லூரி மாணவர்கள் தாம் பெற்ற பொருளுக்குத் தந்த மதிப்பு, கொடுத்தவர் செலவிட்டதைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக இருந்ததை அவர் கண்டார். நெருங்கிப் பழகிய நண்பர் கொடுத்த பரிசில் இக்குறை சிறிதாகவும், விலகி வாழும் உறவினர் கொடுத்த பொருளில் பெரிதாகவும் இருந்தது. பெறுவோரை நன்கு அறிந்தவர் கொடுத்ததே பயன்பட்டது என்பது இதனால் விளங்கும்.

உள்ள பொருளின் எல்லையை அறிந்து கொடுக்க வேண்டும் என்பது திருவள்ளுவர் கருத்து. இக்கருத்தை அவர் ‘ஈகை’ என்னும் அதிகாரத்தில் வைக்கவில்லை. ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் வைத்தார். தன் வலிமையை அறியாமல் போருக்குச் செல்பவன் எவ்வாறு கெடுவானோ, அவ்வாறே தன் பொருளளவை அறியாமல் வழங்குபவனும் கெடுவான் போலும்!

மறு ஆண்டு நவம்பர் மாதம் வந்தது. அக்குடும்பத்தார் கூடிப் பேசி, பரிசுகளுக்கு 1,500 ரூபாய் மட்டும் ஒதுக்கினர். பட்டியல் எழுதும் பொறுப்பை மகள் ஏற்றாள். அவள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அதன் எதிரே வாங்க வேண்டிய பொருளை எழுதவில்லை. அவரிடம் தான் கண்டதை எழுதினாள். ‘அப்பா: குடைக்கம்பி ஒடிந்திருக்கிறது. அம்மா: செருப்பை மூன்று முறை தைத்தாயிற்று. பாட்டி: கண்ணாடி அணிந்தும் சிறிய எழுத்தைப் படித்தால் கண்ணில் நீர் வடிகிறது. தம்பி: சுவரில் படம் வரைகிறான்.’

கண்டதை எழுதியதும் கொடுக்க வேண்டியது தானே விளங்கியது. மழைக்காலம் ஆதலின், தந்தையின் குடையை 80 ரூபாயில் பழுது பார்த்தாள். 300 ரூபாயில் தாய்க்கு உறுதியான செருப்பு வாங்கப்பட்டது. 60 ரூபாய்க்கு ஒரு குறிப்பேடும் பேனாக்களும் வாங்கி, பாட்டி விரும்பும் பாடல்களைப் பெரிய எழுத்தில் தானே எழுதினாள். அச்சகத்தில் மிஞ்சிய தாள்களைத் தந்தை கேட்டுப் பெற்று, ஓய்வு நேரத்தில் தைத்து, மகனுக்கு ஒரு படப் புத்தகமும், மகளின் தோழிக்கு ஒரு நாட்குறிப்பும் செய்தார். மகனுக்கு வண்ணப் பென்சில்கள் 100 ரூபாய்க்கு வந்தன. தீபாவளிக்குத் தவறாமல் பலகாரம் அனுப்பும் அண்டை வீட்டாருக்காகவும் அத்தைக்காகவும், தாய் 400 ரூபாய்ச் செலவில் முந்திரிக்கொத்தும் முறுக்கும் செய்தார். அவற்றை வைக்க, மணப்பாட்டுப் பெண்கள் முடைந்த பனையோலைப் பெட்டிகள் இரண்டு 150 ரூபாய்க்கு வாங்கப்பட்டன.

அத்தையின் பரிசே அரிதாயிற்று. எல்லாம் உடையவருக்கு எதைக் கொடுப்பது? மகள் பழைய பெட்டியைத் துழாவி, மறைந்த தாத்தாவின் புகைப்படம் ஒன்றை எடுத்தாள். அவர் விரலைப் பற்றிக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். அச்சிறுமியே அத்தை. 250 ரூபாயில் அதற்குப் படி எடுத்துச் சட்டமிட்டனர். மொத்தச் செலவு 1,340 ரூபாய். மிச்சம் 160 ரூபாய்.

தந்தைக்கு மனம் ஒப்பவில்லை. “ஓலைப்பெட்டியும் பழைய படமுமா கொடுப்பது? அக்கா என்ன நினைப்பார்?” என்றார். “அப்பா, வெள்ளிக் கிண்ணத்தைப் பற்றி அத்தை ஒரு நாளும் பேசியதில்லை, தாத்தாவைப் பற்றிப் பேசாத நாளே இல்லை” என்றாள் மகள்.

திருநாள் வந்தது. அதிகாலை ஆராதனை முடிந்து அனைவரும் வீடு திரும்பினர். படத்தைப் பிரித்த அத்தை நெடுநேரம் பேசவில்லை. “தம்பி, அப்பாவோடு நான் நிற்கும் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லையே!” என்றார். பின்னர், பெரிய எழுத்துப் பாடல்களைப் பாட்டி உரக்கப் படிப்பதைக் கேட்டு மகிழ்ந்தார். அப்போது சிறுவன், “பாட்டிக்கு ஜூன் மாதத்தில்தான் கண்ணாடி வந்தது, அத்தை. கிண்ணம் வாங்கிய கடன் அதுவரை இருந்தது” என்றான். தாய் அவனை அடக்குமுன் சொல் வெளிவந்துவிட்டது.

அத்தை தம் அன்னையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “அந்தக் கிண்ணத்தை இனி நான் எப்படித் தொடுவேன், தம்பி? நான் கொண்டுவந்ததும் உனக்குச் சுமையாயிற்றே. அடுத்த ஆண்டும் எனக்கு ஓர் ஓலைப்பெட்டியே போதும். நானும் அந்த அளவிலேயே கொண்டு வருவேன்” என்றார். தந்தை தலைகுனிந்து நின்றார். ஆயினும் அவர் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

கொடுப்பவர் தம் கையின் அளவை அறிதல் வேண்டும். பெறுபவரின் தேவையைக் காணுதல் வேண்டும். முன்னதற்குத் துணிவு தேவை. பின்னதற்கு அன்பு தேவை. இவ்விரண்டிற்கும் விலை இல்லை. பரிசு வாங்கப் புறப்படும் முன், கடைத்தெருவைப் பார்ப்பதினும் வீட்டில் உள்ளவரைப் பார்ப்பதே முதற்கண் செய்யத்தக்கது.